ட்ரெயிலர் விளம்பரத்தில் பாரத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை நெருங்கினால் தங்கள் பத்திரிகையின் வரி விளம்பரப் பக்கத்தில் சிறிய பயண ட்ரெயிலர்கள் தலைகாட்டத் தொடங்கிவிடும். "16 அடி, ஐந்து பேர் படுக்கலாம், குசினி உண்டு, எந்த வானும் இழுக்கும்." இந்தக் கடைசி மூன்று சொற்களைப் பற்றித்தான் எழுதுகிறோம். எந்த வானும் இழுக்கத்தான் செய்யும். மேட்டிலும் இழுக்கும், ஒன்ராறியோவின் 401 நெடுஞ்சாலையில் ஏறியும் இழுக்கும். நிறுத்துவதும் நேராக வைத்திருப்பதும் வேறு கதை.

மினிவானின் கையேட்டில் 3,500 றாத்தல் வரை இழுக்கலாம் என்று இருக்கும். ட்ரெயிலரின் பிரசுரத்தில் 2,600 றாத்தல் என்று இருக்கும். 900 றாத்தல் கையில் மிச்சம் என்று கணக்குப் போட்டு வாங்கிவிடுகிறார்கள். இரண்டு எண்களும் பொய்யில்லை, ஆனால் இரண்டுமே அந்தக் குடும்பத்தின் பயணத்துக்கு உரியவை அல்ல.

2,600 என்பது வெற்று எடை. அதில் காஸ் இல்லை, தண்ணீர் இல்லை, பல வேளைகளில் பற்றறியும் சேராது. 20 றாத்தல் காஸ் பிடிக்கும் சிலிண்டர் நிரம்பினால் இரும்போடு சேர்த்து 37 றாத்தல். பற்றறி 48 றாத்தல் என்று வையுங்கள். 20 அமெரிக்க கலன் தண்ணீர்த் தொட்டி 76 லீற்றர் பிடிக்கும். அது 167 றாத்தல். சட்டி பானை, போர்வை, உடுப்பு, மடக்குக் கதிரை, பாய், அரிசி, மா எல்லாம் ஐந்து பேருக்கு 350 றாத்தலுக்குக் குறையாது. கூட்டிப் பாருங்கள், 3,200 தாண்டுகிறது. மிச்சமாக நினைத்த 900 இப்போது 300க்குள் வந்துவிட்டது.

அந்த 300கூட உண்மையில் கையில் இல்லை. சாரதியின் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பவர்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோ, இத்தனை றாத்தலுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். வான் தாங்கும் பாரம் அதுதான். ட்ரெயிலரின் மூக்கு வானின் பின்புறத்தில் அழுத்துகிற பாரமும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஸ்டிக்கரில் 1,200 றாத்தல் என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, அம்மம்மா, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 630. ட்ரெயிலரைக் கொழுவும் ஹிச் இரும்பு 50, ஐஸ் பெட்டி 60, வானுக்குள் மற்றச் சாமான் 100. ஆக 840. மீதி 360. ட்ரெயிலரின் மூக்கில் அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இறங்க வேண்டும். 3,200க்கு 12 சதவீதம் 384 றாத்தல். வான் தாங்காது. ஹிச்சிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், 3,500 றாத்தல் வகை ஹிச்சுக்குப் பெரும்பாலும் மூக்குப் பாரம் 350தான். அதுவும் தாங்காது. வான் அப்படியே இருக்க, சாமான் ஏற்றிய ட்ரெயிலர் 2,700க்குள் நின்றால் 12 சதவீதம் 324. அதுதான் இந்தக் குடும்பத்துக்குரிய ட்ரெயிலர்.

மூக்கில் பாரம் ஏன் வேண்டும் என்பதை ஊரில் மாட்டுவண்டில் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கும். வண்டிக்காரர் மூட்டை ஒன்றை ஒரு சாண் முன்னுக்குத் தள்ளி அதைச் சரிக்கட்டுவார். ட்ரெயிலருக்கும் அதே கணக்குத்தான். ஒரே வித்தியாசம், மாடு மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓடுவதில்லை. அந்த வேகத்தில் பின்பாரம் கூடிய ட்ரெயிலரைப் பெரிய லொறி ஒன்று கடந்து போனாலே போதும், அதன் காற்று தள்ளிய தள்ளலில் வால் இடமும் வலமுமாக அடிக்கத் தொடங்கும். ஒவ்வொரு அடியும் முன்னையதைவிடப் பெரிதாகும். மூக்கில் இறங்குகிற இந்தப் பாரத்தை இந்தக் கடிதத்தில் முன்பாரம் என்றே சொல்கிறோம். நம்மிடம் சொல் இருக்கிறது.

முன்பாரத்தை அளக்கக் குளியலறைத் தராசு போதும். பயணத்துக்கு ஏற்றுவதுபோலவே எல்லாவற்றையும் ஏற்றி, சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு அடைகட்டை வையுங்கள். நாலு அடி நீளத்தில் நாலுக்கு நாலு அங்குல மரக்கட்டை ஒன்று எடுங்கள். அதன் ஒரு முனையைத் தராசின் மேலும், மற்ற முனையைத் தராசின் உயரத்துக்கு அடுக்கிய பலகைகளின் மேலும் வையுங்கள். இரண்டு தாங்கல்களுக்கும் இடையில் சரியாக மூன்று அடி இருக்க வேண்டும். தராசு இப்போது காட்டுவது கட்டையின் பாரம், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ட்ரெயிலரின் மூக்கை, பலகை முனையிலிருந்து ஒரு அடியிலும் தராசிலிருந்து இரண்டு அடியிலும் வருமாறு கட்டையின்மேல் மெல்ல இறக்குங்கள். தராசு காட்டுவதில் கட்டையின் பாரத்தைக் கழித்து, மூன்றால் பெருக்குங்கள். 108 வந்தால் 324. மூக்கு நேராகத் தராசில் ஏறினால் தராசு நசுங்கும், அதற்காகத்தான் இந்தக் கட்டை. ட்ரெயிலரின் மொத்த எடைக்கு நெடுஞ்சாலை லொறி நிறுத்தங்களில் உள்ள எடைமேடைக்குப் போக வேண்டும். செலவு பெரிதில்லை.

பின் பம்பரில் சைக்கிள் கொழுவுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லாய்ப் பாரம் ஏற்றியவர்களே இதில் பிழைவிடுகிறார்கள். தாங்கி 40 றாத்தல், இரண்டு சைக்கிள் 60, ஆக 100. அது அச்சுக்குப் பின்னால் 10 அடியில் தொங்குகிறது. மூக்கு உட்காரும் ஹிச் உருண்டை அச்சிலிருந்து 12 அடி முன்னால் இருந்தால், அந்த 100 றாத்தல் மூக்கிலிருந்து 83 றாத்தலைத் தூக்கிவிடும். 2,700க்கு 324ஆக இருந்த முன்பாரம் இப்போது 2,800க்கு 241. எட்டரைச் சதவீதம். அதோடு பல சிறிய ட்ரெயிலர்களின் பின் பம்பர் மெல்லிய தகட்டுக் குழாய், கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி உள்ளே வைக்கச் செய்தது. சைக்கிளோடு அது முறிந்து நடுவீதியில் விழும். இதைச் சரிக்கட்ட மூக்கில் இன்னொரு பெட்டி வைத்து நிரப்புவது தீர்வல்ல. இரு முனையிலும் பாரம் இருந்தால் தராசு சரியான எண்ணைக் காட்டும், ஆனால் ஒருமுறை ஆடத் தொடங்கினால் நிற்காது. சைக்கிளை வானின் கூரையில் ஏற்றுங்கள். அதுவும் மேலே சொன்ன 1,200 கணக்கில் சேரும், அந்த அளவுக்கு வானுக்குள் மற்றச் சாமானைக் குறையுங்கள்.

தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். அச்சுக்கு முன்னால் என்றால் நிரப்ப நிரப்ப முன்பாரம் கூடும், பின்னால் என்றால் குறையும். பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் தொட்டிக்கும் இதே கதை. போகும்போது ஒழுங்காக வந்த ட்ரெயிலர் திரும்பும்போது ஆடினால் முதல் சந்தேகம் அங்கேதான். முகாமில் தண்ணீர்க் குழாய் உண்டு. ஒரு கேத்தல் தேநீருக்கும் கை கழுவவும் 15 லீற்றர் கொண்டு போனால் போதும்.

இனி உள்ளே. பாரமானது கீழே, அச்சுக்கு மேல் அல்லது சற்று முன்னால். இலேசானது மேலே. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சிறிய ட்ரெயிலரின் அமைப்பு இதற்கு எதிராகவே இருக்கிறது. மிகப் பெரிய சாமான் அறை கட்டிலுக்கு அடியில், பின் மூலையில் இருக்கும். கதவைத் திறந்தால் கைக்கு எட்டும். அரிசி மூட்டை தன்பாட்டில் அங்கே போய்விடும். அதைச் சாப்பாட்டு மேசைக் கதிரைக்கு அடியில் உள்ள பெட்டிக்குள் மாற்றுங்கள். பெரும்பாலான சிறிய ட்ரெயிலர்களில் அச்சு அந்த இடத்துக்குக் கிட்டத்தான் வரும். 20 றாத்தல் மூட்டையாக வைக்காமல் இரண்டு கிலோ பைகளாகப் பிரித்துத் தட்டையாக அடுக்கினால் பெட்டியின் அடியில் பரவி அசையாமல் கிடக்கும். தேங்காய்ப்பால் ரின்கள், பருப்பு, எண்ணெய்ப் போத்தல், திருவலை, தாச்சி எல்லாம் இதே பெட்டிக்குள். எண்ணெய்ப் போத்தல் ஒரு பிளாஸ்ரிக் பேசினுக்குள் நிற்கட்டும். கட்டிலுக்கு அடிக்குப் போர்வை, தலையணை, பாய்.

மேல் அலுமாரிகள் பெரும்பாலும் மெல்லிய பலகையில் திருகாணி ஏற்றித் தொங்குகின்றன. ஒவ்வொரு குழியிலும் திருகாணித் துளை கொஞ்சம் அகலும். அங்கே அப்பளம், தேயிலை, காகிதத் தட்டு, துவாய் போதும். ரின் வைத்தால் இரண்டு ஆபத்து. ஒன்று அலுமாரி இறங்கும். மற்றது, வந்து சேர்ந்து கதவைத் திறக்கிற முதலாவது ஆளின் நெற்றிக்கு நேரே ரின் வரும். வெறும் அழுத்தப் பூட்டுள்ள கதவு குழியில் தானாகத் திறக்கும், பொத்தான் அமுக்கித் திறக்கும் பூட்டாக மாற்றுங்கள். திருகாணிகளை வருடத்துக்கு ஒருமுறை இறுக்குங்கள். துளை தளர்ந்திருந்தால் பசை தடவிய பற்குச்சியைத் துளைக்குள் வைத்து முறித்துவிட்டுத் திருகாணியை ஏற்றினால் மீண்டும் பிடிக்கும்.

ஓடும் ட்ரெயிலருக்குள் நில அதிர்ச்சி மாதிரி இருக்கும், நீங்கள் வானுக்குள் இருந்து அதை உணரமாட்டீர்கள். குலுக்கம் வால் முனையில் மிகக் கூட, அச்சுக்கு மேல் மிகக் குறைவு. முட்டைக்குரிய இடம் அச்சுக்கு மேல்தான். கண்ணாடியோடு கண்ணாடி உரசினால் உடையும், இடையில் துவாய் வையுங்கள். திருகு மூடிகள் அதிர்வில் மெல்ல மெல்லக் கழலும். மிளகாய்த்தூள் போத்தலின் மூடி கழன்றால் என்ன நடக்கும் என்பதை எழுதத் தேவையில்லை. அன்றிரவு அந்த ட்ரெயிலருக்குள் யாரும் படுக்க முடியாது. ரப்பர் வளையத்தோடு கொக்கி போட்டு மூடும் பிளாஸ்ரிக் டப்பாக்களில் தூள்களைப் போட்டு, ஒரு பெட்டிக்குள் அசைய இடமில்லாமல் நெருக்கி வையுங்கள். குளிர்பெட்டியின் தட்டுகளுக்குக் குறுக்கே ஸ்பிரிங் வைத்த தடிகள் விற்கிறார்கள், அவை வேண்டும். காய்ச்சிய இறைச்சிக் கறியைத் தட்டையான பைகளில் உறைய வைத்துக்கொண்டு போனால் ஐஸ்கட்டியாகவும் உதவும், குழம்பும் சிந்தாது. காஸில் ஓடும் குளிர்பெட்டிக்குக் குளிரப் பல மணி நேரம் வேண்டும். முதல் நாளே போட்டுவிடுங்கள். பெற்றோல் நிலையத்துக்குள் நுழையமுன் சிலிண்டர் வால்வைப் பூட்டுங்கள்.

நீத்துப்பெட்டியில் புட்டு அவிப்பதை வெளியே வைத்துக்கொள்ளலாம். காஸ் எரிவதே ஈரத்தைத் தரும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். அதோடு புட்டின் ஆவியும் சேர்ந்தால் குளிர்ந்த சுவரில் நீர் வழியும். மெத்தையின் அடிப்பக்கம் நனைந்து பூஞ்சணம் பிடிக்கும், அது ஒரு மாதம் கழித்துத்தான் மணக்கும். உள்ளே சமைக்கத்தான் வேண்டுமென்றால் கூரைத் துவாரத்தையும் எதிர்ப்பக்க யன்னலையும் திறந்து வையுங்கள். அடுப்பைச் சூடு காய்வதற்காக ஒருபோதும் எரிய விடாதீர்கள், காபன் மொனொக்சைட் மணக்காது. அல்கொன்குயின் போன்ற பூங்காக்களில் கரடி உண்டு. சாப்பிட்டு முடிந்ததும் அடுப்பு, ஐஸ் பெட்டி, எண்ணெய், குப்பை எல்லாம் வானுக்குள்ளோ ட்ரெயிலருக்குள்ளோ போய்விட வேண்டும். மீன் கழுவிய தண்ணீரைப் பற்றைக்குள் ஊற்றாதீர்கள்.

கொழுவும்போது வரும் பிழைகளில் மிக மோசமானது உருண்டை மாறுவது. 1⅞, 2, 2⁵⁄₁₆ அங்குலம் என்று மூன்று அளவு உண்டு. 2⁵⁄₁₆க்குரிய கப்ளர், அதாவது உருண்டையைக் கவ்வும் ட்ரெயிலர் மூக்கு, 2 அங்குல உருண்டையின்மேலும் உட்காரும், பூட்டும் விழும், வீதியின் முதல் பெரிய குழி வரைக்கும் ஒன்றும் தெரியாது. அளவு உருண்டையின் தலையிலும் கப்ளரின் மேலும் பொறித்திருக்கும், இரண்டையும் வாசியுங்கள். பூட்டிய பிறகு ஜக்கைச் சுற்றி மூக்கை மேலே தூக்குங்கள். வானின் பின்புறமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு பிடித்திருக்கிறது, கப்ளர் மட்டும் எழும்பினால் இல்லை. பிறகு பூட்டின் துளையில் ஊசியைப் போட்டு, இரண்டு சங்கிலிகளையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாறிக் கொழுவுங்கள். மூக்கு கழன்றாலும் நிலத்தில் விழாமல் அந்தத் தொட்டிலில் கிடக்கும். வளைவில் திரும்பும் அளவு தளர்வு வேண்டும், வீதியில் இழுபடும் அளவு வேண்டாம். ட்ரெயிலர் கழன்றால் அதன் பிறேக்கைப் பிடிக்க வைக்கும் அவசர பிறேக் கம்பியைச் சங்கிலியில் கொழுவாதீர்கள், வானின் சட்டத்தில் தனியாகக் கொழுவுங்கள். பிளக்கைப் பொருத்தி விளக்குகளைப் பாருங்கள். நாலு மூலைக் கால்களைத் தூக்கி, கூரைத் துவாரத்தை மூடி, படியை மடித்து, கடைசியாக அடைகட்டையை எடுங்கள். கழற்றும்போது அடைகட்டை வைப்பதுதான் முதலில்.

கொழுவிய ட்ரெயிலர் தரைக்குச் சமமாகவோ மூக்குச் சற்றுத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். மூக்கு நிமிர்ந்திருந்தால் பாரம் பின்னுக்குப் போகும், வளைந்த ஹிச் சட்டம் ஒன்று வாங்கி உருண்டையை இறக்குங்கள்.

ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ உள்ள ட்ரெயிலருக்குத் தனியாக பிறேக் இருக்க வேண்டும். 1,360 கிலோ என்பது ஏறக்குறைய 3,000 றாத்தல். வெற்று எடை 2,600தானே என்பது இங்கே செல்லாது, மேலே பார்த்தபடி ஏற்றிய எடை அதைத் தாண்டிவிடுகிறது. ட்ரெயிலரில் மின் பிறேக் இருப்பது மட்டும் போதாது. வானில் நாலு முனைப் பிளக் மட்டும் இருந்தால் விளக்குகள் எரியும், பிறேக்குக்கு மின்சாரம் போகாது. ஏழு முனைப் பிளக்கும் சாரதியின் கைக்கெட்டும் தூரத்தில் பிறேக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வேண்டும். வெறிச்சோடிய இடத்தில் மணிக்கு 40 கிலோமீற்றரில் போய், பெட்டியின் கைப்பிடியை மட்டும் அழுத்திப் பாருங்கள். ட்ரெயிலர் சில்லு இறுகிச் சறுக்கினால் பெட்டியில் பிறேக்கின் பலத்தைக் கொஞ்சம் குறையுங்கள். மற்றப்படி ட்ரெயிலருக்கு இலக்கத் தகடு வேண்டும், ஓடும்போது அதற்குள் யாரும் இருக்கக்கூடாது. பிள்ளைகள் கட்டிலில் படுத்துக்கொண்டு வரலாமா என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு.

ட்ரெயிலர் ஆடத் தொடங்கினால் வானின் பிறேக்கை மிதிக்காதீர்கள். வானின் வேகம் குறையும், பின்னால் வருவது தள்ளும், கத்திரிபோல் மடியும். வேகம் கூட்டி இழுத்து நேராக்கப் பார்ப்பதும் வேண்டாம். பெற்றோல் மிதியிலிருந்து காலை எடுங்கள், ஸ்ரியரிங்கை நேராகப் பிடியுங்கள், கட்டுப்பாட்டுப் பெட்டியின் கைப்பிடியால் ட்ரெயிலரின் பிறேக்கை மட்டும் அழுத்துங்கள். அது பின்னாலிருந்து இழுத்து நேராக்கும். பிறகு ஓரத்தில் நிறுத்திச் சாமானை முன்னுக்கு மாற்றுங்கள். மாற்றாமல் ஓடினால் அதே வேகத்தில் மறுபடியும் ஆடும்.

ரயர் பற்றி ஒன்று. ட்ரெயிலர் ரயர் தேய்ந்து முடிவதில்லை, வயதாகி வெடிக்கிறது. ஐந்தாறு வருடத்துக்கு மேல் நம்ப வேண்டாம். பக்கச் சுவரில் கடைசி நாலு இலக்கங்களைப் பாருங்கள். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. காற்றை ஓடமுன், ரயர் குளிராக இருக்கும்போது பாருங்கள். சில்லுக் கழற்றிப் பூட்டினால் 16, 40, 80 கிலோமீற்றரில் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். நிறுத்தும் இடமெல்லாம் சில்லின் நடுவில் கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் போகிறது அல்லது பிறேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய ட்ரெயிலர் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 1968இல் வின்னிபெக்கில் ரே ஒலெக்கோ செய்யத் தொடங்கிய 13 அடி போலர், முட்டை வடிவக் கண்ணாடியிழைக் கூடு, வெற்று எடை ஆயிரம் றாத்தலுக்குள். அது இன்றும் வீதியில் ஓடுகிறது. அவர் அதற்கு முன் கண்ணாடியிழையில் மலக்குழித் தொட்டி செய்தவர் என்பது சிரிப்புக்குரிய விஷயமல்ல, கசியாமல் இருப்பதன் இரகசியமே அதுதான். ஆனால் அதை வாங்கும்போது, முன் சட்டம் வளைந்து கூட்டுக்கு அடியில் போகும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். பலகைச் சுவருள்ள ட்ரெயிலர் என்றால் யன்னலுக்குக் கீழும் தரை மூலைகளிலும் பெருவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் விலை பேச வேண்டாம், வந்த வழியே திரும்புங்கள்.

ஆசிரியர் அவர்களே, தாங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ட்ரெயிலர் விளம்பரம் தர வருபவரிடம் ஐந்து விபரங்களைக் கேட்டு வாங்குங்கள், ட்ரெயிலரின் முன்புறத் தகட்டைப் பார்த்தாலே பாதி கிடைத்துவிடும். "16 அடி. வெற்று எடை 2,600 றாத்தல், அனுமதித்த முழு எடை 3,500. மின் பிறேக், ஏழு முனைப் பிளக். 2 அங்குல உருண்டை. ரயர் 2022. முன்பாரம் அளந்தது 340." இரண்டு வரிதான் கூடும். "எந்த வானும் இழுக்கும்" என்பதை எடுத்துவிட்டால் அதிலும் ஒரு வரி மிச்சம்.

இப்படிக்கு,
ட்ரெயிலர் இழுத்துப் பழகிய சில வாசகர்கள்,
ஸ்காபரோ